பக்கவாதத்துக்குப் பின் வீட்டுப் பராமரிப்பு: வாடகைக் கட்டில் முதல் உதவியாளர் வரை ஒரு மதிப்புரை

பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்த முதியவர் ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபின், அவருக்காக விலைக்கு வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் பயன்படுத்திய பொருள்களையும், உதவியாளர்களை அனுப்பிவைத்த ஒரு தனியார் நிறுவனத்தின் சேவையையும் பற்றிய மதிப்புரை இது. முதியவர் என் தந்தையார். எழுபதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஊர் திருச்சி. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவற்றை வேறு நிறுவனங்களிடம் ஆள் எடுத்த உறவினர்களும் நண்பர்களும் அப்படியே சொன்னார்கள் என்பதால், ஒரு பெயரை மட்டும் சுட்டுவது நியாயமாகப் படவில்லை.

மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கேன் முடிவும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும், மறுபடி வரவேண்டிய நாளும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அவர் எப்படிக் கழிப்பறைக்குப் போவார், எந்தக் கையால் சாப்பிடுவார், சட்டையை யார் மாட்டிவிடுவார்கள் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படி எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. இந்த இடைவெளியை நம்பித்தான் பெரிய மருத்துவமனைகளுக்கு எதிர்வரிசையில் இருக்கும் சர்ஜிகல் கடைகளும், "பேஷண்ட் கேர்" என்று சுவரில் எழுதி எண் கொடுக்கும் நிறுவனங்களும் பிழைக்கின்றன. நோயாளியின் வீட்டார் கடைக்காரர் எடுத்துக் காட்டுவதையெல்லாம் அந்தப் பதற்றத்தில் வாங்கிவிடுவார்கள்.

எதை வாங்கலாம், எதை விடலாம் என்று முடிவு செய்ய எனக்கு உதவியது பார்த்தெல் அளவுகோல். மஹோனி, பார்த்தெல் என்ற இருவர் 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளியிட்ட அந்த அளவுகோல், உண்ணுதல், குளித்தல், முகம் மழித்துத் தலைவாருதல், உடுத்துதல், மலத்தை அடக்குதல், சிறுநீரை அடக்குதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படியேறுதல் என்ற பத்துச் செயல்களை எடுத்துக்கொண்டு, நோயாளி அவற்றை எவ்வளவு தூரம் தாமே செய்கிறார் என்பதற்கு மொத்தம் 100 மதிப்பெண் தருகிறது. வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் ஒரு தாளில் அதை எழுதிக் கொடுத்தார். காலமெல்லாம் பிறருக்கு மதிப்பெண் போட்ட என் தந்தையார் தமக்குப் போடப்பட்டதைக் கண்டு முதலில் முகம் சுளித்தாலும், அடுத்த முறை எவ்வளவு கூடியது என்று அவரே கேட்கத் தொடங்கினார். கீழே வரும் எல்லாவற்றையும் இந்தப் பத்தைக் கொண்டே எடைபோட்டிருக்கிறேன். ஒரு பொருளோ ஆளோ வந்தபின் அவர் தாமே செய்யக்கூடியவை கூடினவா, குறைந்தனவா என்பது ஒன்றே கேள்வி.

முதலில் கட்டில். தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் கைப்பிடி சுழற்றி உயர்த்தும் இரும்புக் கட்டிலை மாத வாடகைக்கு எடுத்தோம். தலைப்பக்கம் உயர்வது உண்மையிலேயே பெரிய வசதி. உணவு கொடுக்கும்போதும் அதன் பிறகு அரைமணி நேரமாவது சாயாமல் உட்கார வைக்கவும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நிலையான உயரம் கொண்டவை. அதன்மேல் மெத்தையும், மெத்தைக்கு மேல் காற்றுப் படுக்கையும் போட்டால், விளிம்பில் உட்காரும் சராசரி உயரமுள்ள முதியவரின் பாதம் தரையைத் தொடாது. பாதம் தரையில் ஊன்றாமல் யாரும் எழுந்து நிற்க முடியாது. ஆகவே கட்டில் எடுக்கும்போது கேட்கவேண்டியது, அது எத்தனை கிராங்க் (சுழற்றும் கைப்பிடி) கட்டில் என்பதை விட, மெத்தையோடு சேர்த்து அதன் உயரம் எவ்வளவு என்பதுதான். எங்கள் கட்டிலின் கால்களை அறுத்துக் குறைக்க வாடகைக்காரர் ஒப்பவில்லை. உயரம் குறைவான இன்னொன்றை அனுப்ப ஒப்புக்கொண்டார், அனுப்பியும் வைத்தார். பக்கக் கம்பிகள் இரண்டும் இறங்கக்கூடியவையாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடக்கை நன்றாக இருப்பவர் புரள்வதற்கு இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்வார் என்பதால் அது ஆடாமல் நிற்பது முக்கியம்.

காற்றுப் படுக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பற்றிய நம்பிக்கைகள் அதிகம். சிறு மோட்டார் ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை படுக்கையின் ஒரு வரிசைக் குமிழ்களில் காற்றை ஏற்றி அடுத்த வரிசையில் இறக்குவதால், உடலின் எந்த இடமும் தொடர்ந்து அழுத்தப்படாமல் இருக்கிறது. இடுப்புக்குக் கீழ் முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பின் பக்க எலும்பு, குதிகால் ஆகிய மூன்று இடங்களில்தான் படுக்கைப்புண் முதலில் வரும் என்பதால் அங்கே அது பயன்தருகிறது. எனினும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய வேலையை அது இல்லாமல் ஆக்குவதில்லை. கடைக்காரர் "இதைப் போட்டுவிட்டால் திருப்பவே வேண்டாம்" என்று சொன்னது தவறு. படுக்கைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த போர்வை, அதன்மேல் உறிஞ்சும் விரிப்பு என்று அடுக்கிவிட்டால் குமிழ்களின் வேலை தோலுக்குப் போய்ச் சேராது. சுருக்கமில்லாத ஒற்றைப் பருத்தி விரிப்பு போதும். மின்சாரம் போனால் காற்று மெல்ல இறங்கிவிடும். மோட்டாரில் எடைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறது. அதைக் காட்டித் தருவது விற்பவரின் கடமை, கேட்காமல் யாரும் காட்டுவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அவர் தாமே புரளத் தொடங்கியதும் இயன்முறை மருத்துவர் அந்தப் படுக்கையை எடுத்துவிடச் சொன்னார். உடல் அமிழும் மேற்பரப்பில் ஊன்றி எழ முடியாது. உறுதியான மெத்தையில் எழ முடிகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது நல்ல பொருள். எழ முயல்பவருக்குத் தடை. மூன்றாயிரம் ரூபாய் அளவில் விலைக்கு வாங்குவதை விட வாடகைக்கு எடுப்பது நல்லது என்பது என் முடிவு.

அதே கடையில் நடுவே ஓட்டையுள்ள வட்டக் காற்றுத் தலையணை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டாம். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்துவதால் நடுவில் இரத்த ஓட்டம் குறைகிறது என்று செவிலியர்கள் இப்போது அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சிவந்த இடத்தில் பவுடர் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் அப்படியே தவிர்க்க வேண்டியது.

அடுத்து, இந்த மதிப்புரையின் மையமான கழிப்பறை. நம் வீடுகளில் வலக்கை உண்பதற்கும் இடக்கை கழுவுவதற்கும் என்று பிறந்தது முதல் பழகியிருக்கிறோம். வலப்பக்கம் செயலிழந்தவருக்கு மிஞ்சியிருப்பது இடக்கை ஒன்றுதான். உண்பதும் அதனால்தான், கழுவுவதும் அதனால்தான். இந்தச் சங்கடத்தை எந்த மருத்துவத் தாளும் குறிப்பிடுவதில்லை. என் தந்தையார் வீட்டுக்கு வந்த புதிதில் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததற்கு விழுங்குவதில் உள்ள சிரமத்தை மட்டுமே காரணமாக நினைத்துக்கொண்டிருந்தோம். இடக்கையால் உண்ண அவருக்கு மனம் ஒப்பவில்லை என்பது பிறகுதான் அவர் வாயால் வந்தது. அவர் தயக்கத்தைக் குறைத்தவை மூன்று எளிய பொருள்கள். ஒன்று, கழிப்பறையில் இடப்பக்கச் சுவரில் பொருத்திய கைத்தெளிப்பான். பிளம்பர்கள் அதை வழக்கமாக வலப்பக்கம் வைப்பார்கள், இடப்பக்கம் மாற்றச் சொல்ல வேண்டும். கை படாமலே பெரும்பகுதி கழுவிவிடுகிறது. இரண்டாவது, வாஷ்பேசினில் ஒரு கையால் அமுக்கினால் வரும் திரவச் சோப்பு. மூன்றாவது, சாப்பாட்டுக்குக் கரண்டி. மொத்தச் செலவு ஆயிரத்துச் சொச்சம். வாடகைக் கட்டிலும் காற்றுப் படுக்கையும் சேர்ந்து செய்யாததை இந்த மூன்றும் செய்தன என்று சொல்வேன்.

கமோட் நாற்காலி கட்டாயம் வேண்டும். இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில் குந்தி உட்காருவது இனி நடவாத காரியம் என்பதால் அதைத் தவிர வேறு வழியே இல்லை. சந்தையில் மூன்று வகை கிடைக்கின்றன. மடக்கிவைக்கக்கூடிய மெல்லிய அலுமினிய வகை இலேசானது. எடை முழுவதையும் ஒரு பக்கமாகப் போட்டு எழுபவர் அதில் சாய்ந்துவிடும் அபாயம் உண்டு, பக்கவாதக்காரர்களுக்கு ஆகாது. சக்கரமுள்ள இரும்பு வகையில் நான்கு சக்கரங்களுக்கும் பூட்டு இருக்க வேண்டும். இரண்டுக்கு மட்டும் இருப்பதே மலிவாகக் கிடைக்கிறது, அது பின்பக்கமாக நழுவும். நாங்கள் இறுதியில் வைத்துக்கொண்டது, வாளியை எடுத்துவிட்டு அப்படியே மேற்கத்தியக் கழிப்பறை மேல் தள்ளி நிறுத்தக்கூடிய வகை. வாங்கும் முன் வீட்டுக் கமோடின் உயரத்தையும் குளியலறை வாசலின் அகலத்தையும் அளந்துகொண்டு போவது அவசியம். பழைய வீடுகளின் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிக்கும் குறைவு. நாற்காலி நுழையாமல் திரும்ப எடுத்துப் போனவர்களைக் கடைக்காரரே சொன்னார். கைப்பிடி ஒருபக்கம் கீழே இறங்கக்கூடியதாக இருந்தால் கட்டிலிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தே உட்காரலாம்; கூடுதலாக எழுநூறோ எண்ணூறோ ஆகிறது, தகும்.

சிறுநீருக்கு ஆண்களுக்கான பிளாஸ்டிக் யூரின் கேன். விலை மிகக் குறைவு, மூடியுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், நல்ல கைப்பக்கம் மாட்டி வைக்க வேண்டும். இவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஆனால் அதை வைத்தே சேவை நிறுவனத்தோடு எங்களுக்கு முதல் மனத்தாங்கல் வந்தது.

நிறுவனத்தின் ஏற்பாடு இதுதான். 24 மணி நேரமும் உடனிருக்கும் ஆண் உதவியாளர், மாதம் சுமார் 25,000 ரூபாய், உணவும் தங்கலும் நம் பொறுப்பு, ஒரு மாதத் தொகை முன்பணம், ஆள் வராவிட்டால் மாற்று ஆள். உதவியாளர் தினமும் நிரப்ப வேண்டிய அச்சிட்ட தாள் ஒன்று உண்டு: குளிப்பாட்டப்பட்டது, உணவு ஊட்டப்பட்டது, டயாபர் மாற்றப்பட்டது, மாத்திரை கொடுக்கப்பட்டது. எல்லாமே அவருக்குச் செய்யப்பட்டவை. அவர் செய்தது எது என்று எழுதும் கட்டம் ஒன்றுகூட இல்லை. தாள் எப்படியோ வேலையும் அப்படியே நடந்தது.

சிறுநீர்க் குழாய் எடுக்கப்பட்ட பிறகு தமக்கு எப்போது வருகிறது என்று என் தந்தையாருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேச்சு குழறினாலும் கையைக் காட்டி உணர்த்திவிடுவார். வந்த முதல் உதவியாளர் அவருக்கு டயாபர் கட்டிவிட்டு, "இதிலேயே போங்க தாத்தா" என்றார். அடக்கும் ஆற்றல் உள்ளவரை டயாபரில் போகச் சொல்வது, நடக்கும் ஆற்றல் உள்ளவரைக் கட்டிப்போடுவதற்குச் சமம். உதவியாளருக்கு இரவில் எழுந்திருக்கும் வேலை குறைகிறது. நோயாளிக்கோ பார்த்தெல் தாளில் சிறுநீர், மலம், கழிப்பறை ஆகிய மூன்று வரிசைகளிலும் மதிப்பெண் போய்விடுகிறது, தொடை இடுக்கில் புண்ணும் வருகிறது. ஒன்று முப்பது முதல் ஐம்பது ரூபாய் வரை விற்கும் பொருளை நாளொன்றுக்கு நான்கைந்து மாற்றினால் ஆகும் செலவு தனி. நீண்ட பயணத்துக்கும் வயிற்றுப்போக்கு நாள்களுக்கும் அது நல்ல பொருள்தான். மற்ற நாள்களில், எழுந்ததும் ஒருமுறை, உணவுக்குப் பின் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, இடையில் இரண்டிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று உதவியாளரே நினைவூட்டி அழைத்துப் போனால் பெரும்பாலும் விரிப்பு நனைவதில்லை. இந்த ஒழுங்கை நிறுவனத்தின் மேலாளரிடம் எழுதிக் கொடுத்தோம். அவர் மறுக்கவில்லை; தம் ஆள்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

"தாத்தா" என்ற அழைப்பையும் குறிப்பிட வேண்டும். அன்போடு சொல்லப்படுவதுதான், சந்தேகமில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் "சார்" என்று அழைக்கப்பட்டவருக்கு முன்பின் தெரியாத இளைஞர் முதல் நாளே "தாத்தா, வாயைத் திறங்க" என்று சொல்வது பிடிக்கவில்லை. உதவியாளரிடம் சொன்னோம், மாற்றிக்கொண்டார், அன்று மாலையே அவரோடு ஒத்துழைப்பு கூடியது. நோயாளியை எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நிறுவனத்துக்குப் பைசா செலவில்லை.

இன்னும் கவலைக்குரியது தூக்கும் முறை. கட்டிலிலிருந்து எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் உதவியாளர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். பக்கவாதத்துக்குப் பின் அந்தத் தோளைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால், இழுத்தால் மூட்டு பாதி விலகி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடித்து, நோயாளியின் பலவீனமான பக்கத்தில் நின்று, அவரை முன்பக்கமாகக் குனிந்து எழச் சொல்வதே முறை. பெல்ட்டை இயன்முறை மருத்துவர் காட்டித் தந்தபின் தையல்காரரிடம் சொல்லிக் கித்தான் துணியில் தைத்துக்கொண்டோம். நிறுவனத்தின் ஆள்கள் அதை முதன்முதலாக எங்கள் வீட்டில்தான் பார்த்ததாகச் சொன்னார்கள்.

உணவு ஊட்டுவதில் அவசரம் பொதுவான குறை. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்படுவதால், உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலில் சீழ் பிடிக்கும் அபாயம் இருக்கிறது. நீர்த்த பொருள்தான் கெட்டியானதை விட ஆபத்து என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ரசமும் வெறும் தண்ணீரும் புரையேறிய அதே நாளில் கூழும், மசித்த இட்லியும், கெட்டித் தயிரில் பிசைந்த சோறும் தடையின்றி இறங்கின. எதை எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்பதை விழுங்கும் பயிற்சி தருபவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் நாமாக முடிவு செய்யக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைப்பது, அரைக் கரண்டி வைத்து அது இறங்கியபின் அடுத்தது கொடுப்பது, முடிந்ததும் பலவீனமான கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது ஆகிய மூன்றையும் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினோம். மூக்கு வழிக் குழாயோடு வீடு திரும்புவோரின் பாடு வேறு. எங்களுக்கு அந்த அனுபவம் இல்லாததால் அதற்கு மதிப்பிடவில்லை.

அவராகவே சாப்பிடத் தொடங்கியதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. இணையத்தில் விற்கும் வளைந்த கரண்டி ஒன்றை வாங்கினோம். அது வலக்கைக்காரருக்காக வளைக்கப்பட்டிருந்ததால் இடக்கைக்கு நேர்மாறாக அமைந்தது, திருப்பி அனுப்பினோம். சாதாரண எவர்சில்வர் கரண்டியின் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கியதே கைக்குப் பொருந்தியது. செங்குத்தான விளிம்புள்ள தட்டு நம் வீடுகளில் எப்போதும் இருக்கிறது. சோற்றை அந்த விளிம்பில் தள்ளி அள்ள முடியும். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஊட்டினால் பத்து நிமிடம். இந்த முப்பத்தைந்து நிமிட வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்கிற உதவியாளர்தான் நல்ல உதவியாளர்.

அப்படி ஒருவர் பிறகு வந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், தம் தாயாரை இதே நோயில் பார்த்துக்கொண்டவர். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைப்பதும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பதும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது. மழிக்கும் சவரக்கத்தியை என் தந்தையார் கையிலிருந்து வாங்கிக்கொள்ளாமல் கண்ணாடியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். குளியலுக்கு முன் வெந்நீரின் சூட்டை நல்ல கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார், ஏனெனில் செயலிழந்த பக்கத்தில் சூடு உறைக்காமல் போகலாம். வேட்டி கட்டுவதுதான் என் தந்தையாருக்கு மிகவும் குறையாக இருந்தது. இடுப்பில் ஒட்டும் பட்டை வைத்துத் தைத்த வேட்டிகள் ஜவுளிக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன என்பதை நினைவூட்டியவரும் இவரே. கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு கையாலேயே அதை ஒட்டிக்கொள்ள முடிகிறது. இளைஞர்கள் வசதிக்காக வாங்கும் அந்த வேட்டியை நான் பக்கவாதக்காரர்களுக்கான முதல்தர உபகரணம் என்றே மதிப்பிடுவேன். நைட்டி போன்ற தளர்ந்த அங்கியைப் போட்டுவிடச் சொன்ன முந்தைய உதவியாளரின் யோசனையை விட இது எவ்வளவோ மேல்.

இவர் மாத முடிவில் போய்விட்டார். காரணம் நிறுவனத்தின் கணக்கு. நாம் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது, அது இயல்புதான். ஆனால் 24 மணி நேரப் பணி என்று எழுதிவிட்டு ஓய்வுக்கு ஒரு மணி நேரம்கூடக் குறிப்பிடாத ஒப்பந்தத்தில் எந்த மனிதரும் நீடிக்க முடியாது. இரவில் மூன்று முறை எழுப்பப்பட்டவர் காலையில் பொறுமையாக முக்கால் மணி நேரம் சாப்பாட்டுக்கு உடனிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அடுத்த ஆளோடு நாங்கள் நேரடியாகப் பேசி, பகலில் இரண்டு மணி நேரம் வீட்டார் பார்த்துக்கொள்வது என்றும் வாரத்தில் ஒருநாள் விடுப்பு என்றும் வைத்துக்கொண்டோம். சேவையின் தரம் அதன் பிறகே நிலைப்பட்டது. ஆள் அடிக்கடி மாறும்போது ஒவ்வொருவருக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருப்பதும், மாறும் ஒவ்வொரு முறையும் முன்பின் அறியாதவர் முன் உடல் திறக்க வேண்டிய கூச்சம் முதியவருக்கு ஏற்படுவதும் விளம்பரங்களில் வராத செலவுகள்.

அரசின் பக்கம் என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பலர் விசாரிப்பதே இல்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே வருவதோடு, படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் செவிலியர் கவனிப்பும் வீட்டிலேயே கட்டணமின்றி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும். மேலே சொன்ன பெல்ட்டைக் காட்டி, பார்த்தெல் தாளையும் எழுதித் தந்த இயன்முறை மருத்துவர் அப்படி வந்தவர்தான். தனியார் இயன்முறை மருத்துவரைப்போல் நாள்தோறும் வருவது இதில் இயலாது. வரும் நாளில் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. நாள் முழுதும் உடனிருக்கும் ஆள் இந்தத் திட்டத்தில் கிடையாது. முதியோருக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணில் தகவலும் வழிகாட்டலும் கிடைக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அறுபது வயதைக் கடந்தோர் பத்தில் ஒருவருக்கு மேல் இருந்த மாநிலம் இது. முதியோர் மருத்துவத்தில் மேற்படிப்பைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் நாட்டிலேயே முன்னதாகத் தொடங்கியதும் இங்கேதான். மருத்துவர்களை உருவாக்க எடுத்த அக்கறையில் ஒரு பங்கு, வீட்டில் உடனிருக்கும் உதவியாளர்களுக்குச் சான்றிதழோடு கூடிய பயிற்சி கொடுப்பதில் காட்டப்பட்டிருந்தால் மேற்கண்ட குறைகளில் பாதி எழுதப்பட்டிருக்காது.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். கமோட் நாற்காலி, இடப்பக்கக் கைத்தெளிப்பான், ஒட்டும் வேட்டி, இடுப்பு பெல்ட் ஆகிய நான்குக்கும் ஐந்துக்கு ஐந்து. கட்டிலுக்கு மூன்று, உயரம் சரியாக அமைந்தால் நான்கு. காற்றுப் படுக்கைக்கு முதல் சில வாரங்களுக்கு நான்கு, அதன் பிறகு ஒன்று. டயாபருக்கு, தேவைப்படுவோருக்கு நான்கு. உணர்வும் அடக்கமும் உள்ளவருக்குச் சுழி. வட்டத் தலையணைக்கும் சுழி. நிறுவனத்தின் சேவைக்கு இரண்டு. அதில் ஒன்றரை அந்தப் புதுக்கோட்டைக்காரருக்கு. மீண்டும் அதே நிறுவனத்திடம் ஆள் எடுப்பேனா என்று கேட்டால், எடுப்பேன், ஏனெனில் மேலாளர் நாம் எழுதிக் கொடுப்பதை வாங்கிப் படிக்கிறார், வேறு இரண்டு நிறுவனங்களில் அதுகூட நடக்கவில்லை. ஆனால் அவர்களுடைய தாளுக்குப் பதிலாக எங்கள் தாளைக் கொடுத்துவிடுவேன்: அதில் பத்துச் செயல்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே தாமே செய்தார், உதவியோடு செய்தார், செய்யவில்லை என்று மூன்று கட்டங்கள்.

வாடகைப் பொருள்களைப் பற்றி ஒரு குறிப்பு. முன்பணத்துக்கு ரசீது வாங்கும்போது, கட்டிலில் ஏற்கெனவே உள்ள கீறலையும் துருவையும் அதிலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதத்தின் நடுவில் திருப்பிக் கொடுத்தால் மீதி நாள்களுக்கு வாடகை கழிக்கப்படுமா, எடுத்துப்போகும் வண்டிச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.